தலை கழுவும் தொட்டி

மாமியார் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் விழுந்த ஏழாவது மாதத்தில் சின்ன மாப்பிள்ளைக்கு அந்த யோசனை வந்தது. ஆள் குழாய் வேலை செய்கிறவர். பெரிய மாப்பிள்ளை மருத்துவச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் விற்பனையாளர். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் டை கட்டாமல் தெருவில் இறங்க மாட்டார் என்பதால் குடும்பத்தில் அவருக்கு டைக்காரர் என்றே பெயர். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் என்பதைத் தவிர, பதினைந்து வருடமாக இந்தச் சகலைகளுக்குள் பொதுவாக ஒன்றும் இருந்ததில்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் டைக்காரருக்கு நாற்காலி வரும். குழாய்க்காரரிடம், "வந்ததுதான் வந்தீங்க, அந்தக் குழாய் ஒழுகுது, ஒரு பார்வை பாத்துடுங்களேன்" என்பார்கள். அவரும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே குனிவார். மனசுக்குள் அவர் சிரிக்கவில்லை.

மாமியார் இருந்தது இவர் வீட்டு முன்னறையில். அம்மாவின் தலைக்குத் தண்ணீர் விடுவதென்றால் மனைவிக்கு அது ஒரு போர். கட்டில் ஓரத்துக்கு இழுத்து, கீழே வாளி வைத்து, கடைசியில் மெத்தை பாதி நனைந்து போகும். குழாய்க்காரர் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியை எடுத்தார். கழுத்து உட்காருகிற அளவுக்கு விளிம்பில் பிறை மாதிரி வெட்டினார். வெட்டிய இடத்தில் ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டினார். அடியில் ஒரு துளை, அதிலிருந்து வாளிக்கு ஒரு டியூப். அந்த ஞாயிற்றுக்கிழமை வெதுவெதுப்பான தண்ணீரை மாமியார் தலையில் தானே ஊற்றி, நரைத்த முடியை விரலால் கோதிக் கழுவினார். ஒரு சொட்டு மெத்தையில் விழவில்லை.

"நல்லாயிருக்கு மாப்பிள்ளை. ரொம்ப நல்லாயிருக்கு" என்றார் மாமியார், கண்ணை மூடியபடி.

பதினைந்து வருடம் குனிந்ததற்கும் அன்றைக்குத்தான் கூலி கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

மாமியாரைப் பார்க்க வந்த டைக்காரர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சகல, இத இப்படியே விட்டா நம்மளவிட மடையனுங்க யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க செய்ங்க, நான் விக்கிறேன்" என்றார். நாம், நம்ம என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. குழாய்க்காரர் அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடக் கவனிக்கவில்லை.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் டைக்காரர் குடும்பத்தோடு வந்துவிடுவார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார். ஆழம் போதாது, டியூப் அடைக்கிறது என்று சகலைகள் இருவரும் சின்னப்பிள்ளைகள் போலச் சண்டை பிடித்துச் சிரிப்பார்கள். சமையலறையில் அக்காவும் தங்கையும் பேச்சை முடிக்கவே மாட்டார்கள். ரப்பருக்குள் அழுக்குச் சேரும், மருத்துவமனைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று டைக்காரர் சொன்னதால், ரப்பரை எடுத்துவிட்டு வழவழப்பான கெட்டி விளிம்போடு ஒன்று வார்த்தார்கள்.

"இது எப்படி அத்தை?"

"அதவிட இது நல்லாயிருக்கு மாப்பிள்ளை."

போதாதா? ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் இருநூறு தொட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் இரண்டு புத்திசாலிகளும் கோட்டை விட்டார்கள். அந்த அம்மாள் தன் ஆயுளில் ஒரு மாப்பிள்ளையிடம் ஒன்றை நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. ஒருமுறை குழாய்க்காரர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்த தேநீரை முழு டம்ளரும் குடித்துவிட்டு, "பக்குவமா இருக்கு" என்றவர் அவர். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த குடும்பம்தான் இது. ஆனாலும் தொட்டியைப் பற்றி அவர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. பாராட்டு காதில் விழும்போது மூளை வெளியூர் போய்விடுகிறது.

முதல் முப்பது தொட்டிகளை ஒரு முதியோர் இல்லம் வாங்கியது. மூன்றாவது வாரம் அங்கிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "ஏதாவது நொட்டை சொல்லுவாங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று டைக்காரர் சகலையை அனுப்பிவைத்தார்.

அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் திரும்பி உட்கார்ந்து பிடரியைக் காட்டினார். தோல் வழன்று சிவந்திருந்தது. "நீதான் செஞ்சவனா? உன் கழுத்த ஒரு தடவ அதுல வெச்சுப் பாத்தியாய்யா?"

வைத்துப் பார்த்ததில்லை.

"யாருக்குப் போட்டுப் பாத்தீங்க?" என்றார் நர்ஸ்.

"எங்க அத்தைக்குத்தான். நல்லாயிருக்குன்னாங்க."

"யாருகிட்ட சொன்னாங்க?"

"என்கிட்டதான்."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்ட வேற என்னங்க சொல்லுவாங்க?"

வீட்டுக்கு வந்தபோது மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாமியார் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. இரண்டு மாதமாகவே சுற்றியிருந்தது; அவிழ்ப்பதும் கட்டுவதும் மகள்தான்.

"அத்தை, அந்தத் துண்ட எடுக்கட்டுமா?"

"வேணாம் மாப்பிள்ளை, குளிருது."

எடுத்தார். முடிக்குக் கீழே ஒரு கோடு. பாதி பொருக்குத் தட்டியிருந்தது, மீதி பச்சைப் புண். கதவருகே வந்து நின்ற மனைவியின் கையில் களிம்பு டப்பா இருந்தது.

"உனக்கும் தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. உங்க மூஞ்சிலயும் அப்படியொரு வெளிச்சம். நான் எப்படிங்க சொல்லுவேன்?"

அவர் பின்கட்டுக்குப் போய்த் தரையில் படுத்துத் தன் கழுத்தைத் தொட்டியில் வைத்தார். நாலாவது நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. மாமியாருக்குத் தலை கழுவ அவர்கள் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

போனில் டைக்காரர் எகிறினார். "செஞ்சது நீங்க. என்னை ஏன் இழுக்குறீங்க? ஒரு குழாய்க்காரன நம்பி எறங்கினேன் பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." குழாய்க்காரரும் சும்மா இருக்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. முப்பது தொட்டிகளையும் அவரே போய் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி எடுத்து வந்தார். அடுத்த ஞாயிறு டைக்காரர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பெரிய மகள் போனில் மட்டும் அம்மாவிடம் பேசினாள், அதுவும் தங்கை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு காலை, மடித்த துண்டைக் கழுத்துக்குக் கொடுத்துப் பழையபடி வாளி வைத்துத் தலை கழுவிக்கொண்டிருந்தார் குழாய்க்காரர். மாமியாரின் கண் வாசற்பக்கமே போய்ப் போய் வந்தது.

"அத்தை, ஒரே ஒரு தடவ நெசத்தச் சொல்லுங்க. வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றார் மாமியார்.

"அப்புறம் ஏன் நல்லாயிருக்குன்னீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் என் தலமாட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. பொண்ணுங்க ரெண்டும் உள்ள பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் படுத்ததுலேருந்து இந்த வீட்டுல அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. அது நல்லாத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை."

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"புண்ணு ஆறிடுச்சு" என்றார் மாமியார் தணிந்த குரலில். "பெரியவருக்கு ஒரு போன் போடுங்க. அந்தத் தொட்டிய எடுத்துட்டு வாங்க. நான் தாங்கிக்குவேன்."

பின்கட்டுக்கு வந்து, கவிழ்த்து அடுக்கியிருந்த தொட்டிகளுக்கு நடுவே நின்று அவர் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டைக்காரரின் எண்ணை அழுத்தினார். மணி முழுதாக அடித்து நின்றது. மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே துண்டிக்கப்பட்டது.

உள்ளே போனார்.

"வர்றேன்னாரு அத்தை."

"சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார் மாமியார். எந்த ஞாயிறு என்று அவர் கேட்கவில்லை.