ஆறாத இன்ஜின்

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப்பை வாங்கப் போனால், மெக்கானிக் முதலில் பானட்டைத்தான் தொட்டுப் பார்ப்பார். ஆறிக் கிடக்கும் இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் அதன் வண்டவாளமெல்லாம் வெளியே வரும். அதை மறைக்கத்தான் விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள்.

அன்று காலை ஒரு வீட்டு ஷெட்டில் நின்ற ஜீப்பின் பானட்டில் மெக்கானிக் கை வைத்ததும் சுரீரென்றது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இப்பத்தான் ஓட்டிட்டு வந்து நிறுத்திட்டு யார் காதுல பூ சுத்துறீங்க?"

விற்கிற அம்மாள் பதறவில்லை. "வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷமாச்சு. அப்புறம் நாங்க யாரும் வண்டியத் தொடலைங்க. பேட்டரியக்கூட கழட்டி வித்துட்டோம்."

"நல்லா அளக்குறீங்க" என்று முணுமுணுத்தபடி அவர் பானட்டைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி வலைதான் இருந்தது. குனிந்து பார்த்தார். நான்கு சக்கரங்களிலும் சேறு ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது.

பானட்டை மெல்ல இறக்கிவிட்டு ஓரடி பின்வாங்கினார்.

அந்த அம்மாள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"விலை நீங்க சொல்றதுதாங்க. வண்டியோட அவரையும் கூட்டிட்டுப் போயிடுங்க."