விசாரணைக்கு ஏற்ற உடை

பெங்களூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் அட்மிஷன் கோப்புகளோடு இருபத்திரண்டு வருஷம் மாரடித்துவிட்டேன். இரக்கப்படுகிற வியாதி மட்டும் இன்னும் போகவில்லை. 1998 ஜூலையில் மரகதத்தின் சீட்டுக்கு உலை வைத்தது அந்த வியாதிதான்.

மரகதம் ராமநகரம் பக்கத்து இருளர் பெண். பி.எஸ்ஸி.யில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. அவளுடைய சாதிச் சான்றிதழ் உண்மைதான் என்று சரிபார்ப்புக் குழு எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் இடம் போய்விடும். அவளும், மாந்தோப்புக் காவலுக்குப் போகும் அப்பா சின்னப்பாவும் எட்டு முறை பஸ் ஏறி வந்து, ஒருவழியாக வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தேதி வாங்கினார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வரச்சொல்லி, என் மகள் மௌரீனின் இஸ்திரி போட்ட சுடிதாரைக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். நிமிர்ந்து உட்கார், பயப்படாமல் பேசு என்று பாடம் வேறு நடத்தினேன். அரை நாள் லீவு போட்டுக் கூடவும் போனேன்.

குழுத் தலைவர் சின்னப்பாவைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மகளைப் பார்த்தார். பாம்பு பிடிக்கத் தெரியுமா, காய்ச்சலுக்கு எந்த வேர் என்று கன்னடத்தில் கேட்டார். ஆறு வயதிலிருந்து ஹாஸ்டலில் படித்தேன், அதெல்லாம் தெரியாது என்று அவளும் நல்ல கன்னடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசாங்கமே நடத்தும் ஹாஸ்டல் அது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, கேட்டால் மட்டும் பேசுங்கள் என்றார்கள். தோற்றத்திலும் பழக்கத்திலும் பழங்குடியாகத் தெரியவில்லை, மேல்விசாரணை தேவை என்று கோப்பில் எழுதினார்கள். மேல்விசாரணை என்றால் ஆறு மாதம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பஸ் ஸ்டாப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சின்னப்பா எனக்கே ஆறுதல் சொன்னார். மரகதம் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. அவள் நிஜமாகவே யோசனை கேட்டாள்.

"பாம்பு பிடிக்கத் தெரியலன்னா இருளச்சி இல்லங்கறாங்க. தெரிஞ்சிருந்தா உனக்கு எதுக்கு காலேஜுன்னு கேப்பாங்க. அடுத்த வருஷம் நான் எப்படி வரணும், நோரா மிஸ்?"

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன். திங்கட்கிழமை மாலை பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, அடுத்த பெயரை என் கையாலேயே எழுதினேன்.