எச்சில் கண்ணாடி

மூச்சுக்குழாய் முனையில் இருந்த அந்த ரப்பர் துண்டில் பல் பதிந்திருந்தது. ஒருவர் பல் அல்ல. பல் டாக்டரிடம் உதவியாளராக வருஷக்கணக்கில் நிற்கிறவளுக்கு ஒரு பார்வை போதும். முன்பல் அகன்ற ஒருவர், தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிற ஒருவர், கடைவாய்ப் பல் இல்லாத ஒருவர் என்று ஒரு கூட்டமே அதைச் சப்பிவிட்டுப் போயிருந்தது. மடிப்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கவே கூடாது என்று நினைத்தாள். நினைப்பதற்குள் யோசித்தும் விட்டாள். துண்டை விரல் நுனியால் தள்ளிப் பிடித்தாள்.

“இதையா வாயில வைக்கணும்?”

“ஆமாக்கா. கடிச்சிக்கிட்டா போதும், காத்து தானா வரும்,” என்றான் கறுப்புக் கண்ணாடி போட்ட கடைக்காரன்.

“கழுவினீங்களா?”

“கடல்லதானேக்கா இறங்குது. அதைவிடவா கழுவணும்?”

அதைக் கேட்டுப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரியவர் என்பது அவள் கணவனுடைய அண்ணன். “அவ அப்படித்தான் தம்பி. எங்க வீட்டு டெட்டால். கப்பல்ல குடுக்குற ஸ்பூனையே துடைச்சிட்டுத்தான் வாயில வைப்பா.”

கடைக்காரனும் சிரித்தான். கூடவே அவள் கணவனும் சிரித்தான். அண்ணன் சிரித்தால் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்த வீட்டில் அது பழகிப்போன விஷயம்.

இவர்கள் வந்த சுற்றுலாக் கப்பல் காலையில் ஒரு கரையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். இதுவரை நின்ற கரைகளில் எல்லாம் பெரியவர் காட்டிய திசையில்தான் இரண்டு தம்பதிகளும் அவள் மகளுமாக ஐந்து பேரும் நடந்தார்கள். அவர் கடைவீதி என்றால் கடைவீதி, குதிரை வண்டி என்றால் குதிரை வண்டி. ஆனால் இந்தக் கரை மகளுக்கானது. கடலுக்கு அடியில் முங்கிப் பார்க்க இந்தப் பயணத்தில் வாய்ப்புள்ள ஒரே கரை இதுதான். அதற்காகவே பதிமூன்று வயதுப் பெண் நீச்சல் கற்றுக்கொண்டாள், பள்ளி விடுமுறை முழுக்க வேறு எதுவும் கேட்காமல் இருந்தாள். கப்பல்காரர்கள் தாங்களே கூட்டிப்போகும் படகில் இடம் தீர்ந்துவிட்டது. அதனால் படகுத்துறையில் வரிசையாக இருந்த ஸ்கூபா கடைகளில் ஒன்றை இவர்களே பிடிக்க வேண்டியிருந்தது.

எந்தக் கடை என்பது பெரியவருக்கு இறங்கியதுமே முடிவாகிவிட்டது. மற்றக் கடைக்காரர்கள் “சார், சார்” என்று கூவிக்கொண்டிருக்க, கறுப்புக் கண்ணாடிக்காரன் மட்டும் “வாங்க கேப்டன்” என்றான். வாசனை தெளித்த ஈரத்துண்டு கொடுத்தான். நங்கூரம் வரைந்த தொப்பி ஒன்றை எடுத்து அவர் வழுக்கைத் தலையில் வைத்தான். அந்தத் தொப்பிக்குள்ளும் யாருடைய எண்ணெயோ கறுத்துக் கிடந்ததை அவள் பார்த்தாள். பெரியவர் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையின் பின்பக்கம் ஒரு டிரம்மில் தண்ணீர் இருந்தது. திரும்பி வருகிற முகக் கண்ணாடி, மூச்சுக்குழாய், ரப்பர் காலுறை எல்லாவற்றையும் அதே டிரம்மில் முக்கி எடுத்தார்கள். தண்ணீர் பாதாம்பால் நிறத்தில் இருந்தது. கொடியில் தொங்கிய ரப்பர் உடுப்புகளின் பக்கம் போனால் பேருந்து நிலையக் கழிப்பறை வாடை. குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் ஜனங்கள் உள்ளேயே போய்விடுவார்கள் போலிருக்கிறது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

“மாமா, இன்னொரு கடையும் பார்த்துடலாம்,” என்றாள்.

“எதுக்கும்மா? இங்க என்ன குறை?”

“ஒரு தடவை. பாப்பாவுக்காக.”

பெரியவர் தொப்பியைக் கழற்றாமலே வந்தார்.

வரிசையின் கடைசிக் கடையில் கூவுவதற்கு ஆள் இல்லை. நடுவயதுப் பெண் ஒருத்தி குழாயைப் பிடித்துத் தரையை அலசிக்கொண்டிருந்தாள். சுவரில் மூச்சுக்குழாய்கள் தனித்தனி ஆணியில், வாய்ப்பக்கம் கீழே பார்க்கத் தொங்கின. புது ரப்பர் துண்டுகள் உறை பிரிக்காமல் பெட்டியில் இருந்தன. மருந்து போட்டுக் கழுவிய நெடி வந்தது. அன்று காலை முதல் அவள் இழுத்து விட்ட முதல் நல்ல மூச்சு அதுதான்.

“எத்தனை பேர்?” கடைக்காரி நிமிரவில்லை.

“மூணு பேர். நான், என் தம்பி, தம்பி பொண்ணு,” என்றார் பெரியவர். “எனக்குப் பழக்கம்தான். சின்ன வயசுல கிணத்துல மணிக்கணக்கா முங்கிக் கிடப்பேன்.”

“மணிக்கணக்காவா? அப்ப சிலிண்டர் எதுக்கு?” என்றாள் கடைக்காரி. இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “நேத்து ராத்திரி குடிச்சீங்களா?”

பெரியவரின் முகம் சுண்டியது. தம்பி மனைவியை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா? “கப்பல்ல வந்தா லேசா…”

“எவ்வளவு லேசா?”

“என்னங்க இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி?”

“ரத்தக் கொதிப்பு?”

“அதெல்லாம் எனக்குக் கிடையாது.”

“இருக்குங்க. மாத்திரை சாப்பிடறாரு,” என்றாள் பெரியவள். அவர் மனைவி. கப்பல் ஏறியதிலிருந்து அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வைக்கு, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

அடுத்து மகளிடம் வந்தாள் கடைக்காரி. “நீ ஏன் பேசவே மாட்டேங்கிற?”

மகள் தலையை ஆட்டினாள்.

“மீன்னு சொல்லு.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

“சும்மா சொல்லு பாப்பா. மீன்.”

“பீத்,” என்றாள் மகள்.

பெரியவர் வெடித்துச் சிரித்தார். “அடியே, அதையா பார்க்க வந்தோம்?” மகளின் காது சிவந்துபோனது. கடைக்காரி சிரிக்கவில்லை.

“மூக்கு அடைச்சிருக்கு. இன்னைக்கு வேணாம். கீழ போகப் போக காது அமுங்கும், மூக்கு வழியாத்தான் காத்து தள்ளி சரி பண்ணணும். அடைச்சிருந்தா முடியாது, காது ஜவ்வு கிழிஞ்சிடும்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். “மூக்கு திறக்க மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? அது இன்னும் மோசம். இறங்கும்போது திறந்திருக்கும். கீழ இருக்கும்போது மருந்து தீர்ந்துச்சுன்னா, மேல ஏறி வர முடியாம துடிக்கும் குழந்தை.”

“இல்லையே,” என்றாள் அவள். “மாத்திரையெல்லாம் ஒண்ணும் குடுக்கல.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வார்த்தை. காலையில் கப்பல் அறையின் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, “அப்பாகிட்டகூடச் சொல்லாதேம்மா” என்று கெஞ்சிய மகளுக்கு மாத்திரையைக் கொடுத்ததே அவள்தான். பல் டாக்டரிடம் இப்படிப்பட்ட தாய்மார்கள் வருவார்கள். காய்ச்சலை மறைத்து, குழந்தை சாப்பிட்டதை மறைத்து, எப்படியாவது இன்றைக்கே பல்லைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். அவர்கள் போன பிறகு “பெத்தவளா இவ” என்று அவள் முணுமுணுத்திருக்கிறாள். இப்போது அதே முகத்தைத் தன் கழுத்துக்கு மேல் வைத்துக்கொண்டு நிற்பது அருவருப்பாக இருந்தது.

“பெரியவங்க ரெண்டு பேரும்கூட குடி தெளிஞ்சு நாளைக்கு வாங்க,” என்றாள் கடைக்காரி, குழாயை எடுத்துக்கொண்டு.

“நாளைக்குக் கப்பல் இருக்காது,” என்றார் பெரியவர்.

“அப்ப வேணாம்.”

வெளியே வந்ததும் பெரியவர் பொரிந்து தள்ளினார். “வர்ற ஆளை வேணாங்கிறாளே, இவ கடை நடத்தறாளா, கோர்ட்டு நடத்தறாளா? சிடுமூஞ்சி. அதான் ஈ ஓட்டிட்டு இருக்கா. என்னம்மா டெட்டால், சுத்தமா இருந்துச்சு, சோறு போட்டுச்சா?”

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

கறுப்புக் கண்ணாடிக்காரன் இவர்கள் திரும்பி வருவார்கள் என்று தெரிந்தவன்போலப் படகில் சிலிண்டர்களை ஏற்றியிருந்தான். அவள் அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். “மூக்கடைப்பு இருந்தா இறங்கலாமா?”

“சளியாக்கா? உப்புத் தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். மருந்தே அதான்.”

எல்லாவற்றுக்கும் சரி என்கிறவன். ரத்தக் கொதிப்பா, சரி. குடியா, சரி. ஒரு காலோடு வந்தாலும் பாதி உடுப்பை மாட்டி இறக்கிவிடுவான். அவளுக்கு அவனைப் பார்க்கவே குமட்டியது. ஆனால் அவன் சொன்னதை நம்பிவிட ஒரு மூலையில் ஆசையாகவும் இருந்தது. அது இன்னும் குமட்டியது.

மகள் அவள் கையைப் பிடித்து சிலிண்டர் அடுக்குக்குப் பின்னால் இழுத்தாள். “இன்னொரு மாத்திரை குடும்மா. ஒரே ஒரு தடவைம்மா. நான் உன்கிட்ட வேற எதுவுமே கேக்கலையே.” அடைத்த மூக்கோடு அழுகையும் சேர்ந்து பாதி எழுத்து காணாமல் போயிருந்தது.

அது நிஜம்தான். அவள் வேறு எதுவும் கேட்டதில்லை. பையைத் திறந்து, பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் எடுத்தாள்.

“பாப்பா, வா, கண்ணாடி மாட்டிக்க,” என்று கூப்பிட்டான் கடைக்காரன். மகள் ஓடினாள். அவன் முகக் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தான். தொண்டையைக் காறி, கொழகொழவென்று அதற்குள் துப்பினான். கட்டை விரலால் கண்ணாடி முழுக்கத் தேய்த்தான். “இப்படித் தேய்ச்சாத்தான் உள்ள ஆவி படியாது,” என்று மகளிடம் நீட்டினான். அலசக்கூட இல்லை.

மகள் வாங்கி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அம்மா குடித்த டம்ளரில் தண்ணீர் குடிக்காத பெண். வகுப்பில் தோழி கடித்துக் கொடுத்த மிட்டாயைத் தோழிக்குத் தெரியாமல் தூக்கிப்போட்டவள். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. எவனோ ஒருவனின் எச்சில் மூக்கிலும் கன்னத்திலும் வழுக்க, கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாகி மின்னின. இந்த ஆசைக்கு இவள் இன்றைக்கு எதை வேண்டுமானாலும் விழுங்குவாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அவனும் நீட்டுகிறான். நானும்தான் நீட்டப் போகிறேன்.

கை வியர்வையில் மாத்திரை பிசுபிசுத்தது.

“அவ வரல,” என்றாள்.

யார் காதிலும் விழவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். “பாப்பா வரல. அவளுக்குச் சளி. காலையில மாத்திரை குடுத்து நான்தான் மறைச்சேன்.”

படகில் கால் வைத்திருந்த கணவன் அப்படியே நின்றான். “என்ன நீ, அண்ணன் முன்னாடி…”

“உங்க அண்ணன் முன்னாடிதான் சொல்றேன்.”

“இவ்வளவு நேரம் வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?” என்றார் பெரியவர்.

மகள் கண்ணாடியைக் கழற்றினாள். “சொல்ல மாட்டேன்னு சொன்னியே,” என்றாள் மெதுவாக. பிறகு, “சீ,” என்றாள். கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு, நடந்துபோய்த் துறையின் கோடியில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

கணவன் அவளையும் பார்த்தான், படகையும் பார்த்தான். “அண்ணன் தனியா எப்படிப் போவாரு,” என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். தலை நனைந்தால் ஒத்துக்கொள்ளாத பெரியவளும், படகில் உட்கார்ந்து பார்க்க என்று ஏற்றப்பட்டாள்.

படகு திரும்பி வரும்வரை தாயும் மகளும் ஒரே வெயிலில் வேறு வேறு நிழலில் நின்றார்கள். அவள் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் மகள் காலடியில் வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை. துறைக்குக் கீழே தண்ணீரில் எண்ணெய்ப் படலமும், ஒற்றைச் செருப்பும், ஊறிப்போன ரொட்டியும் மிதந்தன. படகு போய் ஒரு ஆபத்தில் மாட்டினால்தான் தன் பேச்சு எடுபடும் என்று ஒரு நினைப்பு வந்தது. சொந்தக் கணவனும் அதில்தான் இருக்கிறான் என்ற ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. படகு முழுசாக வந்தது. பெரியவர் தொப்பியோடு இறங்கினார். “பார்த்தியாம்மா? காது இருக்கு, மூக்கு இருக்கு. பாவம் குழந்தை, உன்னால கெட்டுச்சு.” கைப்பேசியில் படம் காட்டினார். கழுத்தளவு தண்ணீரில் அவர். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள், கோயில் குருக்களைப் பக்தர்கள் சூழ்வதுபோல அவரைச் சூழ்ந்திருந்தன. மகள் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கப்பலுக்கு ஏறும் வரிசையில் ஆண்கள் இருவரும் முன்னால் போக, பெரியவள் பின்தங்கி இவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

“கீழ எல்லாம் போகலடி,” என்றாள் கடலைப் பார்த்தபடி.

“யாருக்கா?”

“உங்க மாமாதான். இறங்கி, அந்த ரப்பரை வாயில வெச்சாரு. உடனே எடுத்தாரு. படகு ஓரத்தைப் பிடிச்சிக்கிட்டு, நேத்து ராத்திரி சாப்பிட்டது, குடிச்சது, எல்லாம் வெளிய. ஒரு பத்து நிமிஷம் நிக்கவே இல்ல. உன் வீட்டுக்காரரு முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாரு, அவரும் முங்கல.”

“மீனு?”

“அதைத் தின்னத்தான் வந்துச்சு. அந்தப் பையன், ‘கேப்டன், சிரிங்க’ன்னு படம் எடுத்தான்.”

அவளுக்குக் குமட்டலும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது முதலில் என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் மகளின் தோள் குலுங்கியது. அவள் திரும்பியபோது மகள் சட்டென்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

“காலையிலேயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம் நீ,” என்றாள் மகள். “அழுதுட்டு விட்டிருப்பேன்.”

“ஆமா,” என்றாள் அவள்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் பெரியவர் அந்தப் படத்தைப் பரிமாறுகிறவர் வரைக்கும் காட்டிவிட்டார். கைப்பேசி மகளிடம் வந்தது. அவள் நிதானமாகப் பார்த்தாள்.

“பெரியப்பா, இவ்வளவு மீனும் உங்ககிட்ட மட்டும் ஏன் வந்துச்சு?”

“அதெல்லாம் ஆளைப் பார்த்து வரும்டா கண்ணு.”

பெரியவளுக்குப் புரையேறியது. கணவன் தட்டுக்குள் குனிந்தான். மகள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. “அப்படியா பெரியப்பா,” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் நீண்டு வந்து அம்மாவின் பாதத்தை மிதித்தது. நன்றாக வலிக்கும்படியே மிதித்தது. அம்மா காலை எடுக்கவில்லை.