ஆலத்திடலில் அப்படி யாரும் இல்லை

அந்த வருஷம் ஆலத்திடல் கீழத்தெருவில் ஒரு சட்டம் இருந்தது. கோட்டையில் போட்ட சட்டம் இல்லை, வேப்பமரத்தடிச் சங்கக் கூட்டத்தில் வீரையன் போட்டது. காக்கிச்சட்டை வந்து யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும் அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

"வெளியில போயிருக்கான்னு சொன்னா எங்கேன்னு கேப்பான். தெரியாதுன்னா அடிப்பான். ஆளே இல்லைன்னுட்டா பேச்சு அதோட சரி" என்றான் வீரையன். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் முந்தித் தலையாட்டியவள் அவன் பெண்சாதி அம்சம். ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவளுக்குக் கிடையாது.

சம்பா அறுவடை நேரம். கலத்துக்கு அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்துப் பதினெட்டு நாளாகியிருந்தது. பட்டணத்தில் ஏழைகளின் ஆட்சி நடப்பதாக மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆலத்திடலில் பண்ணையார் களத்தில் ரிசர்வ் போலீஸ் கூடாரம் அடித்துப் பண்ணையார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. வீரையன் மேலும் இன்னும் பதினோரு பேர் மேலும் நெல்லைக் கொள்ளையடித்ததாகக் கேஸ். கதிரே அறுக்காத ஊரில் எந்த நெல்லைக் கொள்ளையடிப்பது என்று கேட்க நாதியில்லை. வீரையன் கோடியக்கரை உப்பளத்தில் ஒரு சொந்தக்காரன் வீட்டில் பதுங்கியிருந்தான். அது தெரிந்தவள் அம்சம் ஒருத்திதான்.

அவர்களுக்கு ஒரே மகள், செவ்வந்தி. மன்னார்குடியில் அரசாங்க ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போன இடத்தில் ஹாக்கி மட்டையைப் பிடித்தவள், பிறகு அதை விடவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆடினாள், திருச்சியில் காலேஜுக்கு ஆடினாள், மாநிலத்துக்கு ஆடினாள். இப்போது வடக்கே எங்கோ ஒரு முகாமில் இருந்தாள். இந்தியாவுக்கென்று பெண்கள் டீம் ஒன்று பொறுக்குகிறார்களாம். அம்சத்துக்கு அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் குனிந்துகொண்டே ஓட வேண்டும் என்பதுதான்.

"நாத்து நட்டுக் குனிஞ்ச முதுகு, அதான் நல்லா ஓடுறா. நாமளும் முப்பது வருஷமா குனிஞ்சுகிட்டுத்தான் இருக்கோம், நமக்கு எவன் கப்பு குடுத்தான்?" என்பாள் பக்கத்து வீட்டு ராமாயி. செவ்வந்தியின் பெருமையை அம்சத்தைவிட அதிகமாகப் பேசுகிறவள் அவள்தான்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் மப்டியில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். சட்டைதான் வெள்ளை, கால்சட்டையும் பூட்ஸும் காட்டிக்கொடுத்துவிட்டன. ஊர் ஸ்டேஷன் ஆளாக இருந்தால் முகத்தைப் பார்த்தே யார் யார் என்று சொல்லியிருப்பார். இவர் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். கையில் ஒரு காகிதம்.

"இங்க செவ்வந்திங்கிற பொண்ணு இருக்கா? தகப்பன் பேர் வீரையன்."

அம்சம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். போன வாரம்தான் பக்கத்து ஊரில் சங்கத்துத் தங்கையனைப் பிடிக்க முடியாமல் அவன் மகளைக் கொண்டுபோய்ப் பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் தங்கையன் தானாக வந்து நின்றான். இப்போது இவர்கள் தன் மகளைத் தேடி வந்துவிட்டார்கள். வடக்கே இருந்தாலும் விடமாட்டார்கள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்கய்யா" என்றாள்.

"வீரையன் வீடு எது?"

"அப்படி ஒரு ஆளே இல்லீங்க."

அவர் ராமாயியைப் பார்த்தார். ராமாயியும் இல்லை என்றாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த ராசம்மாளும் இல்லை என்றாள். நாலு வீடு தள்ளியும் அதே பதில். அவருக்கு அலுத்துவிட்டது. நல்ல மனுஷன், மிரட்டவும் இல்லை, ஏன் எதற்கு என்று சொல்லவும் இல்லை. காகிதத்தின் கீழே ஏதோ எழுதி, "யாராவது ஒருத்தர் கைநாட்டு வைங்க" என்றார்.

அம்சம்தான் முன்னால் போனாள். இடது பெருவிரலில் மையைத் தடவி அழுத்தி வைத்தாள். சின்ன வயதில் கருக்கரிவாள் கிழித்த தழும்பு அந்த விரலில் குறுக்காக ஓடும். ரேகையும் அதே மாதிரி நடுவில் வெட்டுப்பட்டு விழுந்தது. சைக்கிள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் தெருவே சிரித்தது. ஒருத்தி நாக்காவது பிசகவில்லையே! அம்சம் அன்றைக்கு நிம்மதியாகக் கஞ்சி குடித்தாள்.

மறுநாள் மத்தியானம் பக்கீர் முகம்மது வந்தார். மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர். தபால்காரர் கீழத்தெருவுக்குள் வரமாட்டார், கடிதம் எதுவாக இருந்தாலும் பாய் கடையில் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் போய்விடுவார். கடைக்கு எதிரே போலீஸ் கூடாரம் இருந்ததால் தெருவிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கடிதம் ஆறு நாளாக அங்கேயே கிடந்திருந்தது.

"யாராவது வருவீங்கன்னு பாத்தேன், வரல. சரி, நாமளே குடுத்துடுவோம்னு வந்தேன்" என்று பாய் பிரித்துப் படித்தார்.

'அம்மா, பதினாறு பேரில் நானும் ஒருத்தி. இடது பக்கம் ஆடுகிறேன். பன்னிரண்டு நாட்டுப் பெண்கள் வெளிநாட்டில் ஒன்றாகக் கூடி ஆடப் போகிறோம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரிக்கப் போலீஸ் வருவார்கள், பயப்படாதே. செவ்வந்தி என் மகள்தான், இந்த வீட்டில்தான் பிறந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.'

பாய் நிமிர்ந்தார். அம்சம் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மை இன்னும் முழுக்கப் போகவில்லை.

"இன்னொரு தடவை படிங்க பாய்" என்றாள்.

அவர் படித்தார். ராமாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்சம் அழவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ஸ்டேஷன் ஐந்து மைல். தன் காலால் தானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்த முதல் ஆள் கீழத்தெருவில் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் பயமாக இருந்தது.

"நேத்து இல்லேன்னே, இன்னிக்கு இருக்குங்கிறே. ரிப்போர்ட்டு தஞ்சாவூரு போயாச்சு. நான் ஒரு போன் போட்டா நிறுத்தலாம்தான். ஆனா நீ வீரையன் பொண்டாட்டிதான்னு எனக்கு எப்படித் தெரியும்? பொண்டாட்டின்னா புருஷன் இருக்கிற இடம் தெரியணுமில்ல? அதைச் சொல்லு, போன் போடுறேன்."

கோடியக்கரை. ஒரே ஒரு சொல். அது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மகள் கப்பல் ஏறுவாள், புருஷன் எலும்பு முறிவான். சொல்லாவிட்டால் புருஷன் பிழைப்பான், மகள் கண் முன்னால் வாசல் சாத்தும். எந்தக் கையை வெட்டட்டும் என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

"தெரியாதுங்க" என்றாள் கடைசியில்.

வந்த வழியே ஐந்து மைல் நடந்து திரும்பினாள்.

பதினைந்து நாளில் ராஜி ஆகிவிட்டது. கலத்துக்குக் கால் மரக்கால் கூடக் கிடைத்தது, கேஸை வாபஸ் வாங்கினார்கள். வீரையன் கழுத்தில் மாலையோடு தெருவுக்குள் வந்தான். கோடியக்கரை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் பதினைந்து நாள் சிறைதான். பிடித்திருந்தாலும் விட்டிருப்பார்கள். அம்சத்தால் அந்தக் கணக்கை மட்டும் தாங்க முடியவில்லை. மாலையைக் கழற்றி வைத்தவனிடம் அவள் விஷயத்தைச் சொன்னபோது, ஊருக்கே சட்டம் போட்டவன் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான். சட்டம் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

பேப்பரில் பெயர்கள் வந்தன. பாய் விரலை வைத்துப் படித்தார். பதினாறும் இருந்தது, செவ்வந்தி இல்லை. அவள் இடத்தில் வேறு ஏதோ ஊர்ப் பெண் போனாள்.

சித்திரையில் செவ்வந்தி வந்து மூன்று நாள் இருந்தாள். மட்டையைக் கொண்டுவரவில்லை. இரண்டாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னாள்.

"டீம் மேனேஜரம்மா அந்தப் போலீஸ் பேப்பரக் காட்டினாங்க. அப்படி யாரும் இங்க வசிக்கவில்லைன்னு எழுதியிருந்துச்சு. கீழ ஒரு கைநாட்டு. நடுவுல வெட்டு."

அம்சம் கையை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன்னையப் புடிக்க வந்தாங்கன்னு நெனச்சுட்டேன்டி."

"தெரியும்மா."

"ஸ்டேஷனுக்கும் போனேன். உங்கப்பாவைக் காட்டிக்குடுக்கச் சொன்னான்..."

"தெரியும்மா. ராமாயி அத்தை சொல்லிச்சு. நீ என்ன செய்வே?"

அவ்வளவுதான். பாவி, நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் அம்சம் காலில் விழுந்தாவது அழுதிருப்பாள். செவ்வந்தி கீரையை ஆய்ந்து முடித்து, காம்பைக் கூட்டி எறிந்துவிட்டுக் கை கழுவினாள். மறுநாள் போய்விட்டாள். அந்த வருஷமே ரயில்வேயில் வேலை கிடைத்தது, வடக்கே. மாதாமாதம் மணியார்டர் வந்தது. ஆள் வருவது குறைந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. மறுபடியும் முகாமில் இருக்கிறாளாம், மறுபடியும் டீம் பொறுக்குகிறார்களாம். அன்றைக்கே அம்சம் தெருவைக் கூட்டினாள். வீரையன் ஓரமாக உட்கார்ந்திருந்தான், அவள்தான் பேசினாள்.

"பழைய சட்டம் செல்லாது. எம் மக பேரைச் சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும், இருக்கா, இந்தத் தெருப் பொண்ணுதான்னு சொல்லணும். மீறினா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அதன் பிறகு அவள் வேலைக்குக் கூடத் தூரமாய்ப் போகவில்லை. தெருக்கோடி வயலிலேயே களை பறித்தாள். காக்கித் துணி கண்ணில் பட்டால் சேற்றுக் காலோடு ஓடிவந்தாள். மனைப்பட்டாவுக்கு அளக்க வந்த சர்வேயரின் டவாலிச் சேவகனிடம், அவன் கேட்காமலேயே, "செவ்வந்தி எம் மகதாங்க, இந்த வீட்லதான் பொறந்தா" என்றாள். அவன், "சரிம்மா, சங்கிலியை மிதிக்காத" என்றான். அம்மை ஊசி போட வந்தவரிடமும் சொன்னாள். மின்சாரக் கம்பம் நட வந்தவனிடமும் சொன்னாள். தெரு முதலில் சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு மத்தியானம் பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கடை ரேடியோவில் விளையாட்டுச் செய்தி முடிந்திருந்தது.

"அம்சம், உம் மக டீமுல இருக்கு. பேரைச் சொன்னான், நான் காதால கேட்டேன். நேத்தே ஏரோப்ளேன் ஏறிட்டாங்களாம்!"

அம்சத்துக்குப் புரியவில்லை.

"அது எப்படி பாய்? இன்னும் யாரும் விசாரிக்க வரலியே. நான் ஒரு நாள்கூட நகரலியே."

பாய் கல்லாவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"அது ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருக்குல்ல? அந்த விலாசத்தை எழுதியிருக்கும். அங்க போயி விசாரிச்சிருப்பாங்க."

அம்சம் பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் போய்விட்டாள், சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"அப்ப அங்க பக்கத்து வீட்ல யாரோ ஒருத்தி சொல்லியிருக்கா. ஆமா, இருக்கா, எங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்னு."

"சொல்லியிருப்பாங்க."

"கைநாட்டும் வச்சிருப்பா."

"கையெழுத்தே போட்டிருப்பாங்க, அம்சம்."

அவள் பெருவிரல் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நல்லாயிருக்கட்டும். அந்த மகராசி பேரு என்னவா இருக்கும், பாய்?"