கெய்லன் ஸ்ட்ரௌடின் வலது கால்

1

இந்தக் கதை எனக்கு ஊசி முனையில் கிடைத்தது. டொலீடோவில் முன்னாள் படைவீரர்கள் வரும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஓடெல் ப்ரூயிட் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊசியைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பேசிக்கொண்டே இருப்பார். வியட்நாம் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்தவர்!

ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள் நிரம்பும்வரை அவர் சொன்னதுதான் கதை. குழாய்கள் நிரம்பிவிட்டன, கதை நிரம்பவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஓடெலின் பூட்ஸுக்கு அடியில் 'க்ளிக்' என்று—"

வேண்டாம். அது சினிமா. கண்ணிவெடிகள் பெரும்பாலும் மிதித்ததும் வெடித்துவிடும். நாம் காலை எடுக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்காது.

இரண்டாவது: "1968, குவாங் ட்ரி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சை, ஒரு—"

இதுவும் வேண்டாம். ஓடெல் பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலுறையைப் பற்றித்தான் சொன்னார். ஆகவே:

ஓடெலுக்குப் பத்தொன்பது வயது. காலுறை ஈரம் காயாமலே பல நாளாகக் காலில் கிடந்தது. கழற்றினால் தோலும் சேர்ந்து வந்தது. குடிநீரில் கிருமி கொல்லும் மாத்திரையின் வாசம். அக்குளில் ரத்தம் உறிஞ்சும் அட்டை. சங்கிலிச் சக்கர வண்டியின் கூரையில் எட்டுப் பேர் வெயிலில் குந்தியிருந்தார்கள். உள்ளே நிழல் இருந்தது. ஆனால் வண்டியின் தரைக்குக் கீழே பெட்ரோல் தொட்டியும் இருந்தது, அதற்கும் கீழே என்ன புதைந்திருக்கும் என்று தெரியாது. கூரையே மேல்.

(இதுதான். இப்போது எனக்குக் கை ஓடுகிறது.)

3

கெய்லன் ஸ்ட்ரௌட் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அவன் 'புதுசு'. ராணுவம் கொடுத்த உணவு டின் ஒன்றைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டான்.

வண்டி நின்றது. வண்டித் தலைவன் டெல்மர் தலையை வெளியே நீட்டினான்.

"டேய் புதுசு, கையில என்னடா?"

"ஆப்ரிகாட், கார்ப்பரல். மூணு நாளா பன்றியும் பயறும் தின்னு நாக்கே செத்துப்போச்சு."

"என் வண்டியில ஆப்ரிகாட்டா? யாருடா இவனுக்குச் சொல்லித்தராம விட்டது?"

"பழம்தானே கார்ப்பரல்?"

"பழமா? போன மாசம் பழம் தின்னவனோட வண்டி இப்ப ஆத்துக்குள்ள கிடக்கு. துப்புடா!"

"முழுங்கிட்டேனே."

"அப்ப வயித்த இறக்கி வச்சுட்டு ஏறு!"

கூரையே சிரித்தது.

(அந்த வண்டிக்காரர்கள் ஆப்ரிகாட்டைத் தொடமாட்டார்கள். தின்றால் குண்டு தேடி வரும். தின்றுவிட்டுச் செத்தவர்களை எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள்; தின்றுவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவர்களை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. பரிசோதனை என்ற வகையில் மோசம். ஆனால் நானும் அந்தக் கூரையில் இருந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன்.)

டெல்மர் டின்னைப் பிடுங்கி ஓரத்துப் புதருக்குள் வீசினான். பாகு ஓடெலின் முழங்காலில் தெறித்தது.

"நசுக்காம வீசாதீங்க, கார்ப்பரல்!" என்று ஓடெல் கத்தினான். இயந்திரம் உறுமியதில் யாருக்கும் கேட்கவில்லை.

அவர்களுக்கு அது அடிப்படைப் பாடம்: காலி டின்னை முழுசாக விட்டுச் செல்லாதே. எதிராளி அதற்குள் ஊசி பிடுங்கிய கையெறி குண்டைச் செருகுவான். பாதையின் குறுக்கே கம்பி கட்டுவான். கால் கம்பியை இழுத்தால் குண்டு டின்னிலிருந்து வெளியே வரும்; டின் அழுத்தி வைத்திருந்த அதன் பிடி விடுபட்டு வெடித்துவிடும்.

இறங்கி எடுக்கலாமா என்று ஓடெல் பார்த்தான். சக்கரம் பதிந்த தடத்துக்கு வெளியே கால் வைக்க மனம் வரவில்லை. வண்டி நகர்ந்தது. குண்டு எதுவும் தேடி வரவில்லை. "பார்த்தியா, தூக்கி எறிஞ்சதாலதான்" என்றான் டெல்மர்.

4

இரண்டு வாரம் கழித்து அதே பாதை. இந்த முறை நடை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓடெல் முன்னால் போனான். பின்னால் கெய்லன், இருக்கவேண்டிய இடைவெளியைவிட மிக நெருக்கமாக.

"அண்ணே, இந்த அட்டைக்கெல்லாம் சம்பளம் உண்டா? நம்மளவிட நல்லா வேலை செய்யுது."

"தள்ளி வாடா. செத்தா ஒருத்தன் சாகட்டும்."

"ஆப்ரிகாட் இருந்தா தள்ளி வர்றேன்."

ஓடெல் நெட்டைக்கால்காரன். ஒரு வேரைத் தாண்டி எட்டு வைத்தான். பதிலுக்கு ஏதாவது திட்டலாம் என்று திரும்பினான்.

அப்போதுதான் பார்த்தான். அவன் தாண்டி வந்த இடத்தில், கணுக்கால் உயரத்தில், மழைத்துளிகள் வரிசையாக அந்தரத்தில் தொங்கின. துளிகளின் பின்னால் கம்பி. கம்பியின் முனையில், வேரிடுக்கில், ஒரு டின். அதன் பச்சை மூடியில் கறுப்பு எழுத்து. ஓடெல் படித்தான்.

ஆப்ரிகாட்.

கெய்லனின் வலது கால் தரையைவிட்டு எழும்பியிருந்தது.

5

இங்கே என் குழாய்கள் நிரம்பிவிட்டன. நான் பஞ்சை வைத்தேன். "அப்புறம்?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் சட்டைக்கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

முடிவு ஒன்று: ஓடெல் கத்துகிறான். கெய்லன் கொக்குபோல ஒற்றைக்காலில் நிற்கிறான். ஓடெல் மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் வைக்கிறான். "உன் டின்தான்டா, பேர் எழுதியிருக்கு பார்."

(எனக்கு இது பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: கால் இறங்குகிறது. டின் காலியாகிறது. ஓடெல்—

முடிவு மூன்று: கால் இறங்குகிறது, ஆனால் குண்டின் திரி எரிந்து முடியச் சில நொடிகள் ஆகும். இது கற்பனையல்ல, வேதியியல். அந்த நொடிகளுக்குள் ஒருவனை இழுத்துக்கொண்டு ஓரத்துப் புதருக்குள் உருள முடியும். முடியுமா? என் அறையில் உருண்டு பார்த்தேன். முழங்கை வீங்கியதுதான் மிச்சம்.

6

அடுத்த முறை ஓடெல் வந்தார். கேட்கவேண்டிய கேள்வியைப் பேருந்திலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் மேஜையில் ஒரு ஆப்ரிகாட் டின்னை வைத்தார்.

"உனக்குத்தான். தின்னுட்டு நசுக்கிப் போடும்மா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கேட்கவில்லை.

தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. டின்னைத் தரையில் வைத்து மிதித்தேன், தட்டையாகும்வரை.

ஆனால் அந்த வேரிடுக்கில் இருக்கும் டின் நசுங்கவில்லை. துளிகள் தொங்குகின்றன. கெய்லன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான், கால் மேலேதான். ஓடெல் வாயைத் திறந்துவிட்டான், சத்தம் வரவில்லை. எனக்குக் குரல் சின்னது. இதை இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள். நீங்களும் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டீர்கள்.

கத்துங்கள்.