பானெட்டுக்குப் பின்னால்

"ஒரே நிமிஷம்மா" என்று பானெட்டுக்குள் தலையை விட்டபடியே ஜெயகிருஷ்ணன் கத்தினான்.

தேவராஜ மார்க்கெட் எதிரே கார் மறுபடியும் நின்றுவிட்டது. பின் சீட்டில் அப்பா கணபதிராமன் அம்மாவின் தோளில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காலையில் நெஞ்சைப் பிசைகிறது என்றவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வழி. ஆட்டோ எதற்கு, நம் வண்டியிலேயே போகலாம் என்று சொன்னவன் அவன்தான்.

மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய பழைய ஜப்பான் கார். கார்புரேட்டர் இல்லாத இஞ்செக்ஷன் எஞ்சின். ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் குலுங்கி அணைந்துவிடும். எங்கேயோ ஒரு குழாயில் காற்று புகுகிறது. எங்கே என்று மைசூரில் ஒரு மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியவில்லை. புகையைக் குறைக்க வெளிநாட்டில் வைத்த குழாய்கள், இங்கே எதற்கு, பிடுங்கி எறியலாம் என்றார்கள். இன்ஜினியரான அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று புகும் சத்தத்தைப் பிடிக்கக் காதில் ரப்பர் டியூபை வைத்துக்கொண்டு எஞ்சின் மேலேயே கவிழ்ந்து கிடந்தான்.

"கிருஷ்ணா, அப்பாக்கு வேர்த்துக் கொட்றதுடா. ஒரு ஆட்டோவை நிறுத்தேன்" என்றாள் அம்மா கனகலக்ஷ்மி.

ஒரு ஆட்டோ வேகம் குறைத்து, "பர்பேக்கா சார்?" என்று, வரவேண்டுமா எனக் கன்னடத்தில் கேட்டது. அவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். பூக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "ஃபாரின் காடி" என்று யாரோ சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்து, பானெட்டுக்குள் குனிந்து கையாலேயே ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்துப் பிடித்தான். அப்போதுதான் அந்த 'உஸ்' கேட்டது. பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் எஞ்சினுக்கே திருப்பும் மெல்லிய குழாய், நுனியில் வெடித்திருந்தது. விரலால் அடைத்தான். எஞ்சின் குலுங்குவதை விட்டு ஒரே சீராக ஓடியது. வெடித்த நுனியைப் பேனாக்கத்தியால் அறுத்து, மிச்சத்தை அழுத்திச் சொருகினான். தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

"அம்மா, கெடைச்சுடுத்து!" என்று பானெட்டைச் சாத்தினான்.

பின் சீட்டில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது.

"அம்மா ஆட்டோல போய்ட்டாங்க சார்" என்றான் பூக்கடைக் காளியப்பன். "நாங்க ரெண்டு பேரு அய்யாவத் தூக்கி ஏத்துனோம். உங்களை எத்தன வாட்டி கூப்ட்டாங்க."

அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை கார் எந்த சிக்னலிலும் அணையவில்லை. அதைத் தான் கவனித்ததே அவனுக்குக் கூசியது.

அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். ஆட்டோவிலேயே உயிர் போயிருந்தது. சுவரோரம் நின்றிருந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிரீஸ் படிந்த கைகளைப் பார்த்தாள்.

"வந்தியா" என்றாள்.

மத்தியானம் பெங்களூரிலிருந்து தம்பி சாய்கிருஷ்ணா வந்தான். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்து, அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கடைசியில அப்பா ஏதாவது சொன்னாரா அண்ணா? நீதானே பக்கத்துல இருந்தே?"

கூடத்தில் எல்லோரும் ஜெயகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான்.

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "இவன் கையைப் பிடிச்சுண்டே இருந்தார். அப்படியே போயிட்டார்."

சாய்கிருஷ்ணா அண்ணனின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். அத்தை ஒருத்தி, "குடுத்து வெச்சவன்" என்று விசும்பினாள். அவனால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. தம்பியின் கண்ணீர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் அப்பாவின் நெற்றியில் உட்கார வந்த ஈயைப் புடவைத் தலைப்பால் விரட்டிக்கொண்டிருந்தாள்.