ஏழாவது லெவல்

பெங்களூர் கே.ஆர்.புரத்தைத் தாண்டித் தங்க வயல் ரயில் வேகம் எடுத்தபோது, தென்றல் தன் ஃபோன் திரையில் அனில் என்ற பையனின் எண்ணெய் வைத்து வழித்த தலையை அழித்துவிட்டு, குத்திட்டு நிற்கும் முடி வைத்துக்கொண்டிருந்தாள். டை கட்டியாகிவிட்டது, ஷூவும் மாட்டியாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பெண்ணை ஆளே தெரியாமல் அலங்கரித்து உட்காரவைப்பார்களே, அப்படி இருந்தான் அனில். மூன்று வருடமாக அவள் விரலில் வளர்ந்த பையன். அவளுக்கே அவனைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவள் வரைகிற வெப்காமிக்கின் பெயர் 'ஏழாவது லெவல்'. கோலார் தங்க வயலில் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பழைய சுரங்கத்துப் பேச்சில் அவர்களுக்கு வகுப்பு என்பது லெவல், தலைமையாசிரியர் மேஸ்திரி. மேஸ்திரி ப்ரொஜெக்டரை வேலை செய்ய வைக்க அதன் தலையில் தட்டுவார். பின்பெஞ்சில் இருந்து அனில் ஃபோனிலேயே அதை ஆன் செய்துவிட்டு, 'இன்னொரு தட்டு தட்டுங்க சார், வருது' என்பான். வெள்ளிக்கிழமை தோறும் இப்படி ஒன்றைப் போடுவாள். சித்தி மகள்கள் பார்த்து ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அவளுடைய வாசகர் உலகம்.

போன வாரம்தான் பெங்களூரிலிருந்து நடக்கும் தமிழ் காமிக்ஸ் தளம் ஒன்று அவளைத் திரும்பிப் பார்த்தது. புதிதாக அவள் அனுப்பிய கதை டோக்கன் கதை. ஃபோன் கொண்டுவரும் பிள்ளைகள் அதை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும், பதிலுக்கு ஒரு பித்தளை டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மேஸ்திரி சட்டம் போடுகிறார். சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் உண்டு. ஷிஃப்ட் முடிந்து டோக்கன் திரும்பவில்லை என்றால், ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஊருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டு வாசலில் செருப்பை விட்டால்கூட 'டோக்கன் எங்க?' என்று யாராவது கேட்பார்கள்.

தளத்தின் ஆசிரியர் மத்தியானம் பதில் அனுப்பியிருந்தார். 'டோக்கன் யாருக்கும் புரியாது. தங்க வயலில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள் என்றும் நம்பமாட்டார்கள். பெங்களூர் இன்டர்நேஷனல் ஸ்கூலாக மாற்றி இன்று மாலைக்குள் அனுப்புங்கள். சரியாக வந்தால் வாராவாரம் போடலாம்.'

வாராவாரம் என்ற சொல்தான் அவளை மடக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிற தளம். நம்பமாட்டார்கள் என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நாள் முழுக்க ஹெல்ப்டெஸ்கில் உட்கார்ந்து, பிளக்கைச் செருகிப் பாருங்கள் என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தங்க வயல்காரிதான் என்று திருப்பி எழுதத் தோன்றியது. எழுதவில்லை. டோக்கனை எடுத்துவிட்டு ஸ்மார்ட் லாக்கர் வரைந்தாள். கோபம் வந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னா தென்றலு, இன்னிக்கி பேச்சே காணோம்?" என்றார் எதிர் சீட்டு செல்வி அக்கா. கார்மென்ட்ஸ் சூப்பர்வைசர். தினமும் காலையில் கைக்குட்டையைப் போட்டு அவளுக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்துவைக்கிறவர். தென்றல் ஃபோனை நீட்டினாள். அக்கா பார்த்தார். பக்கத்திலிருந்த டக்ளஸ் அண்ணனும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா கீதும்மா" என்றார் அக்கா.

"கலரெல்லாம் நல்லா குடுத்துகீற" என்றார் டக்ளஸ் அண்ணன்.

துக்க வீட்டில் காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் குரல்.  தென்றல் ஃபோனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். ஆனால் செல்வி அக்காவின் விரல் சும்மா இருக்குமா? படத்தைத் தள்ளிவிட்டது. அடுத்து இருந்தது பழைய டோக்கன் கதை.

எல்லா ஃபோனையும் பிடுங்கிவிட்ட பெருமையில் மேஸ்திரி பிரேயரில் மார்தட்டுகிறார். பிள்ளைகள் ஒப்படைத்ததெல்லாம் பீரோவில் செத்துக்கிடந்த பழைய ஃபோன்கள் என்பது அவருக்குத் தெரியாது. திடீரென்று அந்தக் குவியலில் ஒன்று அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் அவருடைய ஃபோன்தான். பெண்டாட்டிக்குப் பயந்து, ரிப்பேர் என்று பொய் சொல்லி அவர் குப்பையில் போட்டதை அனில் சரிசெய்து, அதிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு மிஸ்டு காலும் கொடுத்துவைத்திருக்கிறான். ஸ்பீக்கரில் அவர் பெண்டாட்டி கேட்கிறார்: 'செத்த ஃபோன்ல எப்பிடி பேசுறீங்க, நீங்களும் செத்துட்டீங்களா?' அனில் பணிவாகக் கை நீட்டுகிறான்: 'சார், டோக்கன் குடுத்துட்டு ஃபோன எடுத்துக்கோங்க.'

செல்வி அக்கா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தவும் முடியவில்லை. டக்ளஸ் அண்ணன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்ததில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. "அந்த டோக்கன் கேக்குறான் பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாலூரில் இறங்குகிற இந்து எட்டிப் பார்த்தாள். கன்னடப் பெண், சுரங்கத்தைப் பார்த்தே இராதவள். "டோக்கன் அந்த்ரே ஏனக்கா?" என்று டோக்கனுக்கு அர்த்தம் கேட்டாள்.  ஆசிரியர் சொன்ன 'யாருக்கும்' இதோ எதிரில் நிற்கிறாள். செல்வி அக்கா கன்னடத்தில் இரண்டே வரி சொன்னார், அப்புறம் படங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கடைசிப் படத்தில் இந்து குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே, "நம்ம ஹெச்.எம். கூட ஹீகேனே" என்றாள். அவள் பள்ளித் தலைமையாசிரியரும் இப்படித்தானாம்.

இது போதும் என்று இருந்தது தென்றலுக்கு. ஃபோனை வாங்கி, டை கட்டிய அனிலை அழித்தாள். எண்ணெய்த் தலை அனிலை அனுப்பி, கீழே எழுதினாள்: 'ரயிலில் மூன்று பேர் சிரித்தார்கள், சுரங்கத்தையே பார்க்காத ஒரு பெண் உட்பட. வாராவாரம் போடுவதென்றால் இதைப் போடுங்கள்.' பட்டனை அழுத்தினாள். மூன்று வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை.

"இன்னாமா அங்க சிரிப்பு? எங்களுக்கும் குடு" என்று பின் வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. ஃபோனைக் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் போனது. மாலூரில் இறங்கிய இந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அடுத்த வாரமும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரிப்பு கழிவறைப் பக்கத்துக் கதவு வரைக்கும் போய்விட்டது.

அங்கிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு ஃபோனுமா இது? ஏதோ மெசேஜு வந்து கீது. எடுத்தாரவா?"

ஆசிரியரின் பதிலாக இருக்குமோ என்று தென்றல் பாதி எழுந்துவிட்டாள். அந்தக் கோடியில் இன்னும் நாலைந்து தலைகள் திரைமேல் கவிழ்ந்திருந்தன. மறுபடி உட்கார்ந்தாள்.

"மெசேஜு இருக்கட்டும். எல்லாரும் படிச்சி முடிங்க."

டக்ளஸ் அண்ணன் தன் டிஃபன் டப்பாவைத் திறந்து, மூடியைக் கைக்குட்டையால் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"ஃபோனு திரும்பி வர்ற வரிக்கும் இத வெச்சிக்க. டோக்கன்."

பங்காருப்பேட்டை விளக்குகள் தெரிய ஆரம்பித்தன. தென்றல் எவர்சில்வர் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெட்டியின் கோடியில் முகம் முகமாக ஏறி இறங்கும் அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.